வாத்தியார் வீட்டுக் கொட்டாய்

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெயம் மேலே பார்க்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், வாத்தியார் வீட்டு மாட்டுக் கொட்டாயின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரிகிருஷ்ணன் அதைக் கவனித்தான். கவனித்துக்கொண்டே சுத்தியலை ஓங்கினான். அது ஆணியை விட்டுவிட்டுக் கட்டைவிரலில் இறங்கியது.

"ஸ்ஸ்" என்றான்.

"என்னாங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ அங்கயே பாரு."

"எங்க?"

"எங்கயோ பாத்துக்கிட்டிருந்தியே, அங்க."

ஜெயம் ஏணியை இறுக்கிப் பிடித்தாள். விரலை வாயில் வைத்துக்கொண்டு அவன் மறுபடி குனிந்து பார்த்தபோது அவள் பார்வை மறுபடி மதிலைத் தாண்டியிருந்தது.

இந்தப் பார்வைதான் இரண்டு மாதமாக அவனைத் தின்றுகொண்டிருந்தது.

ஆவணியில் ஒரு நாள் காலை அவன் தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனிக்குச் சைக்கிளில் கிளம்பினான். அங்கே அவன் ஸ்டோர் கீப்பர். அப்போது பக்கத்து வீட்டுக் கொட்டாயின் மேல் மக்கிப்போன கீற்று இருந்தது. சாயங்காலம் முத்தியால்பேட்டைக்குத் திரும்பியபோது அதே இடத்தில் நெளி தகரம் பளபளத்தது. ஒரே பகல். கொட்டாய் பின்கட்டில் இருந்ததால், போட்ட ஆளைத் தெருவில் யாரும் பார்க்கவில்லை. ஒரு குப்பைகூட இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தேவதாஸ் கணக்கு வாத்தியார். பி.எஸ்ஸி. படித்தவர். முப்பது வயது ஆகவில்லை. போன தை மாதம் அவர் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவள் வளர்த்த இரண்டு மாடுகளும், அவருடைய பெரியம்மா ஆயம்மாவும் அவரோடு இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

மதில் மேல் தலையை நீட்டி அரிகிருஷ்ணன் கேட்டான்: "என்னா சார், கொட்டாய் போட்டாச்சா? யாரு போட்டது?"

வாத்தியார் தரையைப் பார்த்தார்.

"ஆச்சு" என்றார். உள்ளே போய்விட்டார்.

தானே போட்டதைத் தானே சொல்லிக்கொள்ளாத பெருந்தன்மை என்று தெருவே பேசியது. திமிர் என்று அரிகிருஷ்ணன் நினைத்தான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது ஜெயமே ஆரம்பித்தாள்.

"வாத்தியார் கொட்டாயப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்குது?"

"இருக்குது. மூணாவது தகரம் கோணல்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"எங்க கோணல்?"

"மூணாவது தகரம்னு சொன்னனே."

"அங்க ஒண்ணும் கோணல் இல்ல."

"அவன் கொட்டாய் கோணலா இருந்தா ஒனக்கு என்னாடி?"

ஜெயம் ரசத்தை ஊற்றினாள். கொஞ்சம் தட்டிலும் மீதி அவன் தொடையிலும் விழுந்தது. மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக மதிலோரம் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கூரையை நெடுக்கப் பார்த்தாள். திரும்பி வந்து, "கோணல் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அதிலிருந்து அவன் எண்ண ஆரம்பித்தான். துணி உலர்த்தும்போது ஒரு பார்வை. சாணி அள்ளும்போது ஒன்று. மழை தூறினால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒன்று. ஒரு நாளைக்கு ஒன்பது தேறியது. தன் முகத்தை அவள் எத்தனை தடவை பார்க்கிறாள் என்றும் எண்ணினான். அந்தக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டான்.

தெருவில் மற்ற பெண்களும் வாத்தியாரைப் பற்றிப் பேசும்போது குரலை இறக்கினார்கள். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போனது. துக்கம் ஒரு மனிதனை இவ்வளவு லட்சணமாக்கும் என்று அரிகிருஷ்ணனுக்கு அதுவரை தெரியாது. அதே மாதிரி ஒரு முகத்தைக் கண்ணாடி முன்னால் வைத்துப் பார்த்தான். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது.

கல்யாணமாகி இரண்டு வருஷம். ஜெயத்தின் ஊர் தவளக்குப்பம். அவள் அப்பா பெயர் அம்மாவாசை, ஏதோ கான்ட்ராக்ட் வேலை. பெண் பார்க்கப் போனபோது அரிகிருஷ்ணனின் அம்மா மூன்று கேள்வி கேட்டாள். பாடத் தெரியுமா? தெரியாது. தையல்? தெரியாது. சமையல்? தெரியும். போதும் என்று எழுந்துவிட்டார்கள். அதற்கு மேல் அவனும் எதுவும் கேட்டதில்லை. இப்போது அவளுக்கு என்ன பிடிக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தகரக் கூரை.

சரி, தானும் ஒன்று போட்டுவிடுவது என்று முடிவு செய்தான். அதைவிடப் பெரியதாக. அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதே பார்வையை இந்தப் பக்கம் திருப்பினால் போதும்.

காரணமும் தோதாக இருந்தது. அவன் மாடு ரோசாலிக்கு நிறைமாதம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவரிடம் வாங்கிய மாடு. அந்தப் பெயரைச் சொன்னால்தான் திரும்பும். ஐப்பசி மழைக்குள் கீற்றைப் பிரித்துத் தகரம் போட்டால் கன்றுக்குட்டி நனையாமல் பிழைக்கும்.

இரும்புக் கடை குத்புதீன் பாய் கேட்டார்: "எத்தன கேஜு?"

"வாத்தியார் வூட்டுக்கு என்னா குடுத்தீங்க?"

"இருபத்தி நாலு."

"எனக்கு இருபத்தெட்டு குடுங்க."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, கேஜு ஏற ஏற..."

"ஏறட்டும் பாய். அவர விட ஒரு நூல்கூட கம்மியா வேணாம்."

"போடறது யாரு?"

"நான்தான்."

பாய் அவன் கையைப் பார்த்தார். பேரேடு எழுதிப் பழகிய கை.

"அப்ப ஆணி ரெண்டு மடங்கா எடுத்துக்குங்க" என்றார்.

தகரம் வண்டியில் வந்து இறங்கியது. ஒரு ஆள் ஒரு கையால் தூக்கினான். "நல்ல சரக்கு. எவ்வளவு லேசு பாரு" என்றான் அரிகிருஷ்ணன்.

ஜெயம் ஒரு தகரத்தை விரலால் சுண்டிவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"இருபத்தெட்டா இது?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "சாக்பீஸுல எழுதியிருக்குதே."

எழுதித்தான் இருந்தது.

"நம்பர் ஏற ஏறத் தகரம் மெலிசுங்க. வாத்தியார் வூட்டுது இருபத்தி நாலு."

"வாத்தியார் ஒனக்குத் தகரப் பாடம் வேற எடுக்கறாரா?"

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேணாம். ஏணியப் புடி."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஏணி மேலும் அவள் ஏணிக்குக் கீழும் இருந்தார்கள்.

விரல் வலி குறைந்ததும் அடுத்த ஆணியை எடுத்தான். குடை மாதிரித் தலை விரிந்த ஆணி. நெளி தகரத்தில் ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு மேடு என்று வரிசையாக வரும். அவன் ஆணியைப் பள்ளத்தில் வைத்தான்.

கீழேயிருந்து ஜெயம், "மேட்டுல அடிங்க" என்றாள்.

"ஏன்?"

"தண்ணி பள்ளத்துலதான் ஓடும். அங்க ஓட்ட போட்டா உள்ள எறங்கும்."

"பள்ளத்துல அடிச்சாதான் கட்டையப் புடிக்கும். மேட்டுல அடிச்சா ஆணி அந்தரத்துல நிக்கும்."

"வாத்தியார் வூட்டுல மேட்டுலதான் இருக்குது."

பேச்சு அத்தோடு முடிந்தது. அவன் பள்ளத்திலேயே அடித்தான். முதலில் அவனுக்குக்கூடக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. வாத்தியார் பெயர் வந்த பிறகு இல்லை.

இரண்டாவது தகரத்தை எடுத்தபோது அவள் மறுபடி வாயைத் திறந்தாள்.

"மேக்கால இருந்து ஆரம்பிச்சிருக்கணும். ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தும்போது வாய் கடல் பக்கம் பாக்கக் கூடாது. காத்து பூந்துடும்."

"அதுவும் அவர் வூட்டுல அப்படித்தான் இருக்குதா?"

"ஆமா."

அவன் கிழக்கிலிருந்தே தொடர்ந்தான்.

சாயங்காலத்துக்குள் கூரை முடிந்தது. நாற்பத்தாறு ஆணி. பாய் சொன்ன மாதிரியே, வளைந்துபோனவை அறுபது. இறங்கி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். தகரம் சூரியனில் மின்னியது. ஜெயத்தைப் பார்த்தான். அவளும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அது அவன் கேட்ட பார்வை இல்லை. காய்ச்சல் பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

செவ்வாய்க்கிழமை மழை வந்தது.

அவன் கொட்டாய்க்குள் ஓடினான். நாற்பத்தாறு ஆணியிலும் நாற்பத்தாறு சொட்டு. ஒழுங்காக, வரிசை தவறாமல். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே அரைமணி பெய்தது. நடுவில் ரோசாலி கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

ஜெயம் வாசலில் நின்றிருந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

புதன்கிழமை லீவு போட்டான். எல்லா ஆணியையும் பிடுங்கி மேட்டில் அடித்தான். மெல்லிய தகரம் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே குழிந்தது. மேடு இருந்த இடமெல்லாம் புதுப் பள்ளம். அடித்து முடித்த பிறகுதான் பழைய ஓட்டைகள் நாற்பத்தாறும் அப்படியே இருப்பது உறைத்தது. கொட்டாய்க்குள் நின்று அண்ணாந்தால் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது.

"தார் ஊத்தி அடைச்சிடலாம்" என்றான்.

"ஈரத் தகரத்துல தாரு புடிக்காதுங்க."

"இதுவும் அங்க கத்துக்கிட்டதா?"

ஜெயம் சோற்றுக் குண்டானை ஒளித்து வைக்க உள்ளே ஓடினாள். கொஞ்சம் தாமதம். குண்டானில் ஏற்கெனவே தார் கொதித்துக்கொண்டிருந்தது.

தார் தகரத்தில் ஒட்டவில்லை. ஓட்டை வழியாக இறங்கியது. பாதி வழியிலேயே ஆறிவிட்டதால் ரோசாலியைச் சுடவில்லை. ஒட்டிக்கொண்டது. வெள்ளை மாட்டின் முதுகில் பதினோரு கறுப்புப் பொட்டு.

குளிப்பாட்டும்போது ஜெயம், "பால்காரி வேம்பு கேட்டா, புது மாடு வாங்கினீங்களான்னு" என்றாள்.

"நீ என்னா சொன்ன?"

"ஆமான்னேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியது. கிழக்கே வாய் பார்த்துக் கிடந்த ஒவ்வொரு தகரத்துக்குள்ளும் புகுந்தது. முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு மேளம். பிறகு பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தையே ஒரு கொட்டாய்க்குள் அடைத்த மாதிரி. ரோசாலி இரண்டு தடவை அம்மா என்றது. கயிற்றை அறுத்துக்கொண்டது. பின் சந்து வழியாக, நிறைமாத வயிற்றோடு, அவசரம் இல்லாமல் நடந்து போய் வாத்தியார் கொட்டாயில் நுழைந்து, அவர் மாடுகள் இரண்டுக்கும் நடுவில் படுத்துவிட்டது.

அரிகிருஷ்ணன் போய் இழுத்தான். மாடு அசையவில்லை.

"ரோசாலி, எழுந்திரு."

அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வாத்தியார் முற்றத்தில் நின்றிருந்தார். "இருக்கட்டும்" என்றார்.

உள்ளேயிருந்து ஆயம்மா, "வாயில்லா சீவன். நல்ல எடமாப் பாத்துதான் வந்துருக்குது. உடுப்பா" என்றாள்.

கயிற்றின் நுனியோடு அவன் திரும்பி வந்தான். மாடும் போய்விட்டது.

அதற்குப் பிறகு நிலைமை இன்னும் கெட்டது. அந்தப் பக்கம் ஜெயம் பார்க்காமல் இருக்கத்தான் அவன் கூரை போட்டான். இப்போது வைக்கோல் போட, தண்ணி காட்ட, பால் மடியைத் தடவிப் பார்க்க என்று நாளைக்கு நான்கு தடவை அவள் அங்கேயே போய்வந்தாள். மதில் இடுக்கு வழியாக அவன் கண்ணை வைத்துப் பார்த்தான். ஜெயம் மாட்டுக்குத் தண்ணி வைத்துவிட்டு அண்ணாந்து கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். சட்டத்தை ஒரு தட்டு தட்டினாள். தனக்குள் சிரித்துக்கொண்டாள். வாத்தியார் கொஞ்ச தூரத்தில் தரையைப் பார்த்தபடி நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அதுதான் அவனுக்கு ரொம்பவும் சந்தேகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தகரத்தின் மேல் பாரம் வைத்தான். முதலில் நான்கு செங்கல். காற்று அவற்றை மதித்த மாதிரி தெரியவில்லை. பிறகு அம்மிக்கல். பிறகு ஆட்டுக்கல்லையே தோளில் வைத்து ஏறினான்.

"அது தாங்காதுங்க. சட்டத்துல கால வையிங்க, தகரத்துல வைக்காதீங்க" என்றாள் ஜெயம்.

"எனக்குத் தெரியும்."

தெரிந்ததை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் வலது கால் தகரத்தைக் கிழித்துக்கொண்டு தொடை வரை உள்ளே போனது. ஆட்டுக்கல் தன் பங்குக்கு இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டு இறங்கி, ரோசாலி நிற்க வேண்டிய இடத்தில் சரியாக உட்கார்ந்தது. மாட்டுக்குப் புத்தி இருக்கிறது என்று முதல் தடவையாக அவனுக்குத் தோன்றியது.

ஏணி சரிந்து கிடந்தது. ஜெயம் கொட்டாய்க்குள் போய், மேலேயிருந்து தொங்கிய காலைப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"ரத்தம் வருது."

"வரட்டும்."

"நான் மேல வரட்டுமா?"

"நீ மேல வந்து என்னா பண்ணுவ? எவனையாவது கூப்பிடு."

எவன் என்று அவன் சொல்லவில்லை. வாத்தியார்தான் வந்தார். ஏணியை நிமிர்த்தி வைத்துப் பிடித்துக்கொண்டார். மேலே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கண்ணையும் மூடிக்கொண்டார். அவனைப் பார்க்கவே பிடிக்காத மாதிரி.

தகரத்திலிருந்து காலை உருவிக்கொண்டு ஒவ்வொரு படியாக அவன் இறங்கினான். அவமானம் காலைவிட அதிகமாக எரிந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தான். வாத்தியார் அதற்குள் போய்விட்டார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது அவருக்கு. அவ்வளவு கோபம் என்று அரிகிருஷ்ணன் நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். வானம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜெயம் வாத்தியார் வீட்டிலிருந்து வேகமாக வந்தாள்.

"ரோசாலிக்கு மடி எறங்கிடுச்சி. இன்னிக்கு ராவுக்குள்ள போட்டுடும்."

"ஓட்டிக்கிட்டு வா."

"எங்க ஓட்டறது? மேல ஆகாசம் தெரியுது. அங்கயே போடட்டுங்க."

"எம் மாடு எங்கொட்டாய்லதான் கன்னு போடும்."

"அப்ப நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேணாம். ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி" என்றாள்.

அந்த 'சரி'யில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஒனக்கு அந்த வாத்தியார்தான் ஒசத்தி, இல்ல?"

ஜெயம் திரும்பினாள்.

"என்னா சொன்னீங்க?"

"நாளைக்கு ஒம்பது தடவ பாக்கற. நான் எண்ணியிருக்கேன்."

"நான் அவரையா பாத்தேன்?"

"பின்ன? கொட்டாயப் பாத்தேன்னு சொல்லுவ."

"கொட்டாயத்தான் பாத்தேன்."

"அவன் போட்ட கொட்டாய்தான அது?"

அவள் முகத்தில் முதலில் கோபம் வந்தது. பிறகு, அந்த நேரத்தில் கொஞ்சமும் பொருந்தாத ஒரு சிரிப்பு உதட்டோரம் வந்தது. அதை முந்தானையால் மூடிக்கொண்டாள். அதுதான் அவனை உடைத்தது.

கிழிந்த கூரையைப் பார்த்தான். கறுத்த வானத்தைப் பார்த்தான். கன்றுக்குட்டி நனைந்தால் அதன் பாவமும் அவன் தலையில்தான்.

"போறேன்" என்றான். "போயி அவனையே கூப்பிட்டுக்கிட்டு வரேன். கால்ல விழச் சொன்னா விழறேன். வந்து போட்டுக் குடுக்கட்டும். அப்பவாவது ஒனக்கு திருப்தியா இருக்கும்."

"அவரக் கூப்பிட்டு என்னாங்க பண்ணப் போறீங்க?"

அவன் காதில் வாங்கவில்லை. காலை நொண்டிக்கொண்டு பின் சந்தில் இறங்கினான்.

வாத்தியார் வாசற்படியில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். உள்ளே ஆயம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றான்.

வாத்தியார் நிமிர்ந்தார்.

"எனக்குக் கொட்டாய் போடத் தெரியல. மொதல் ஆணியிலேருந்தே தப்பு. நீங்கதான் வந்து சரி பண்ணிக் குடுக்கணும்."

இதைவிடக் காலைத் தகரத்தில் விட்டது சுகமாக இருந்தது.

வாத்தியார் சிவப்பு மை பேனாவை மூடினார். "என்னால முடியாது" என்றார்.

"ஏன் சார்?"

"ஏணி."

"ஏணி எங்கிட்ட இருக்குது."

அரிகிருஷ்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எம்மேல கோவம்னா திட்டிடுங்க சார். தப்பா நெனச்சேன், ஒத்துக்கறேன். எம் பொண்டாட்டி ஒங்க கொட்டாயப் பாக்கற மாதிரி என்ன ஒரு நாளும் பாத்ததில்ல. ரெண்டு மாசமா எனக்கு சோறு எறங்கல. நீங்க அழகா ஒரு கூரை போட்டீங்க, அதப் பாத்துட்டு நானும் போட்டேன். எங்க மாடு ஒங்க வூட்டுக்கு வந்துடுச்சி. அடுத்தது யாரு வருவாங்களோன்னு ஒக்காந்திருக்கேன்."

வாத்தியார் பேப்பர் கட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அரிகிருஷ்ணன் கேட்டதில்லை.

"அவ போனப்புறம் நான் எதையும் நிமிர்ந்து பாக்கறதில்லைங்க. மேல கூரை இருக்குதான்னே மழை பேஞ்சாதான் தெரியும். ஒருத்தர் வந்து, இப்படி வுட்டா மாடு செத்துடும்னாங்க. சரின்னேன். அவ்வளவுதான். நான் எதையும் அழகாப் போடல."

"அப்ப யாரு..."

கேள்வி முடியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. டக், டக். கொஞ்சம் இடைவெளி. டக், டக். மறுபடி இடைவெளி. தகரம் குழியும் சத்தம் இல்லை, ஆணி வளையும் சத்தம் இல்லை. மரத்தில் இரும்பு இறங்கும் சுத்தமான சத்தம்.

அரிகிருஷ்ணன் எழுந்தான். "எங்க வூட்டுக் கொட்டாய்லதான் கேக்குது. மேல யாரோ ஏறியிருக்காங்க. யாரு சார் அது?"

வாத்தியார் உள்ளே ஆயம்மா பக்கம் திரும்பினார்.

உள்ளே முறத்தின் சத்தம் நின்றது. ஆயம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"ரெண்டே அடியில ஆணிய எறக்கறது இந்தப் பேட்டையில வேற யாரு, அப்பன்கிட்ட கூரைத் தொழில் கத்துக்கிட்ட ஒம் பொண்டாட்டிதான், எங்க கொட்டாயவே ஒத்த ஆளா ஒரே பகல்ல அவதானே மூடிக் குடுத்தா, ஏணியில ஒரு படி ஏறுனாலே மயங்கி வுழற இவனா போட்டான்னு நெனச்ச?"